மூவாயிரம் ரூபாய்க்குள் ஒரு நேரான குச்சி

எங்கள் பூல் பார்லரில் டேபிளில் பந்தை அடிக்கும் கோலை யாரும் க்யூ என்று சொல்வதில்லை. க்யூ என்றால் ரேஷன் கடை வாசல்தான் நினைவுக்கு வரும். பையன்களுக்கு அது ஸ்டிக். பாயின்ட் குறித்து டேபிளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணனுக்குக் குச்சி. ஊட்டி கமர்ஷியல் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு மாடியில் இரண்டு டேபிள். சுவரோரம் சாய்ந்து நிற்கும் எட்டுக் குச்சிகளில் ஆறு வளைந்தவை. மீதி இரண்டையும் நமக்கு முன்னால் வந்தவர் எடுத்திருப்பார்.

பூலைப் போலவே குச்சியால் பந்தடிக்கும் ஸ்னூக்கரின் விதிகளை 1882-இல் எழுதி மாட்டியது இதே ஊரின் ஊட்டி கிளப்பில்தான். ஆட்டத்தை 1875-இல் ஜபல்பூரில் ஆரம்பித்து வைத்த நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரிதான் அதை இங்கே கொண்டுவந்தார். பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வேறு ஆள். அது உறுப்பினர்களுக்கான கிளப், நமக்கு மாடிதான்.

மே மாத சீசனில் ஒரு வர்க்கி கடையில் நின்று சம்பாதித்ததில் மூவாயிரம் மிச்சம். சொந்தமாக ஒரு ஸ்டிக் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு எழுதி வைத்தேன். பந்தையும் வெள்ளைப் பந்தையும் மூலைப் பாக்கெட்டுக்கு நேர்கோட்டில் வைத்து ஸ்டாப் ஷாட். பந்து விழ வேண்டும், வெள்ளை அந்தப் பந்தில் மோதிய இடத்திலேயே நிற்க வேண்டும். பார்லர் குச்சியில் 20-க்கு 9.

ஜூன்

அறை நண்பன் ஏற்கெனவே ஆன்லைனில் ஒன்று வாங்கியிருந்தான். கையில் பிடிக்கும் பின்பாதியான பட் முழுக்க மண்டை ஓடும் தீப்பிழம்பும். ஒரு மாதத்தில் முன்பாதியான ஷாஃப்ட் வாழைப்பழம் மாதிரி ஆகிவிட்டது. படத்துக்குக் கொடுத்த காசு மரத்துக்குப் போகவில்லை. அதனால் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று தீர்மானித்து, ஒரு சனிக்கிழமை கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் எல்லோரும் செய்வது போல டேபிளில் உருட்டித்தான் ஆரம்பித்தேன். ஆனால் உருட்டுவதை மட்டும் நம்பக் கூடாது. நேரான குச்சிகூட ஒரு பக்கம் கொஞ்சம் தட்டையாகக் கடையப்பட்டிருந்தால் உருளும்போது ஆடும். இரண்டு துண்டையும் கழற்றித் தனித்தனியாகவும், பூட்டி முழுதாகவும் பார்க்க வேண்டும். அதைவிட நம்பகமானது, துப்பாக்கியில் குறி பார்ப்பது போல பட் முனையைக் கண்ணருகே வைத்து, பந்தைத் தொடும் தோல் நுனியான டிப் வரை பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்புவது. வளைவு இருந்தால் நுனி ஒரு சின்ன வட்டம் போடும். ஐந்து குச்சி பார்த்தேன். மூன்றில் வட்டம். ஒன்றில் ஜாயின்ட் பூட்டிய பிறகு மயிரிழை இடைவெளி, வெளிச்சம் தெரிந்தது. நான்காவதாகப் பார்த்தது தேறியது.

ஷாஃப்ட் மேப்பிள் மரம். ஸ்னூக்கர் ஸ்டிக்குக்குப் பெரும்பாலும் ஆஷ் போடுவார்கள், அதில் அம்புக்குறி போல ரேகை ஓடும். மேப்பிளில் ரேகை மங்கல். அது ஷாஃப்டின் நீளத்துக்கு இணையாக ஓடுகிறதா, நடுவிலேயே பக்கவாட்டில் இறங்கி வெளியேறுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். இறங்கினால் அந்த இடத்தில் பலம் குறைவு, வளையவும் சீக்கிரம் வளையும். நீளம் 58 அங்குலம், டிப் 13 மில்லிமீட்டர். ஸ்னூக்கர் டிப் 9, 10 மில்லிமீட்டர்தான். பூல் பந்து 57 மில்லிமீட்டர், பெரியது, அதனால் டிப்பும் தடிமன். எடை 19 அவுன்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நம்பாமல் ஊட்டி வந்ததும் தெரிந்த காய்கறிக் கடையில் கேரட் நிறுக்கும் தராசில் வைத்தேன். 540 கிராம். சரிதான், 19 அவுன்ஸ் என்றால் கிட்டத்தட்ட அதுதான் வரும். கடைக்காரர், "கிலோ என்ன விலை தம்பி?" என்றார்.

விலை 2,600. கார்பன் ஃபைபர் ஷாஃப்டும் ஒன்று மாட்டி வைத்திருந்தார்கள். ஈரத்துக்கு வளையாது என்பது உண்மை. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

ஜூன் கடைசி: 20-க்கு 6

ஆமாம், குறைந்துவிட்டது. இரண்டு வாரம் வயிறு எரிந்தது. ஒரு மத்தியான வேளை பார்லரில் ஆளில்லாதபோது மார்க்கர் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தார். "குச்சி நேராத்தான் இருக்கு தம்பி. உன் கைதான் இன்னும் பழைய குச்சியிலயே இருக்கு" என்றார். ஒரு வருடமாக வளைந்த குச்சியில் அடித்து, அந்த வளைவை ஈடுகட்ட வெள்ளைப் பந்தின் நடுவுக்குக் கொஞ்சம் இடதாக அடிக்கப் பழகியிருக்கிறேன். நேரான குச்சி அந்தப் பிழையை அப்படியே காட்டிக்கொடுத்தது. பந்தின் இடப்பக்கம் அடித்தால் வெள்ளை குறியை விட்டுச் சற்று வலப்பக்கமாக விலகிப் போகும். எவ்வளவு விலகும் என்பது ஷாஃப்ட் நுனியின் கனத்தைப் பொறுத்தது, குச்சிக்குக் குச்சி மாறும்.

அண்ணன் ஒரு பயிற்சி கொடுத்தார். வெள்ளைப் பந்தை டேபிளின் நடுக்கோட்டில் வைத்து, எதிர்ப்பக்க ரப்பரில் பட்டுத் திரும்பி வந்து டிப்பிலேயே மோதும்படி அடிக்க வேண்டும். பார்க்க சின்னப்பிள்ளை விளையாட்டு. முதல் நாள் முப்பது முறையில் நான்கு முறைதான் மோதியது.

ஜூலை: மழை

கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாக நினைத்த இடம் இது. ஸ்டிக் போடும் கேஸ் ஆயிரத்துக்கு மேல் கேட்டார்கள். ஹார்டுவேர் கடையில் இரண்டு அங்குல பிவிசி குழாய் வாங்கி அறுத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டேன். துண்டு ஒவ்வொன்றும் 29 அங்குலம். இரண்டையும் பழைய ஸ்வெட்டர் துணியில் சுற்றி உள்ளே தள்ளினால் அளவாக உட்கார்ந்தது. செலவு 110 ரூபாய். ஹாஸ்டலே பாராட்டியது.

பத்து நாள் விடாத சாரல். துணி காயவில்லை, ஷூ காயவில்லை. பதினோராம் நாள் மூடியைத் திறந்தால் பழைய சாக்கு வாசம். பிடியில் சுற்றிய நூலில் வெள்ளைப் பூஞ்சை, தோல் டிப் மெத்தென்று ஊறிப்போயிருந்தது. பார்லரிலிருந்து மழையில் வந்து, ஈரக் குச்சியைத் துடைக்காமல் உள்ளே போட்டு, காற்றுப் புகாமல் மூடியிருக்கிறேன். ஈரத்தைப் பூட்டி வைத்தது நான்தான். நல்ல வேளை, ஷாஃப்ட் வளையவில்லை, கண்ணில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இப்போது மூடி இரண்டிலும் சூடான ஆணியால் ஓட்டை. ஷூ பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கு உள்ளே. அடித்து முடித்ததும் துடைத்து, அறையில் அரை மணி நேரம் கிடத்தி வைத்துவிட்டுத்தான் மூடுவது. சுவரில் சாய்க்கவே மாட்டேன். பார்லர் குச்சிகள் வளைவதே ஈரத்தில் நாள்கணக்கில் சாய்ந்து நின்று தன் பாரத்திலேயே தொய்வதால்தான்.

ஆகஸ்ட்: டிப்

ஊறிய டிப் அடிக்க அடிக்கக் காளான் மாதிரி பக்கவாட்டில் பரந்துவிட்டது. டிப் வெள்ளைப் பந்தில் வழுக்கிப்போகும் மிஸ்க்யூ, ஒன்றின் மேல் ஒன்று. புது டிப், அடுக்கடுக்காகத் தோல் ஒட்டியது, 150 ரூபாய். மாற்றுவது நானே. பழையதை பிளேடால் சீவி, டிப் உட்காரும் வளையமான ஃபெரூலின் முகத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, சூப்பர் க்ளூ ஒரு சொட்டு. முதல் முயற்சியில் டிப்போடு என் கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டது, வெந்நீரில் கால் மணி நேரம். இரண்டாவது முயற்சியில் நின்றது. பக்கங்களைச் சீவி, மேல் வளைவை ஒரு ரூபாய் நாணயத்தின் வளைவோடு ஒப்பிட்டுத் தேய்த்தேன். அமெரிக்க ஆட்டக்காரர்கள் தங்கள் ஐந்து சென்ட் நாணயத்தை வைத்துப் பார்ப்பார்கள், நம் ஒரு ரூபாயும் ஏறக்குறைய அதே அளவு.

2,600 ரூபாய் குச்சியில் 150 ரூபாய் டிப் செய்த வித்தியாசம் எனக்கே ஆச்சரியம். சத்தமே மாறிவிட்டது. முன்பு 'டொப்', இப்போது 'டக்'. அந்த வாரம் 20-க்கு 11.

இந்த வாரம்

மொத்தச் செலவு, க்ளூ உட்பட, 2,890. கணக்கு 20-க்கு 13, ஒரே ஒரு நாள் 15. பின்சுழல் போட்டு வெள்ளையை இழுப்பது இன்னும் கை கூடவில்லை. நேற்று மார்க்கர் அண்ணன் கேட்காமலேயே என் குச்சியை எடுத்து ஒரு ஃபிரேம் ஆடினார். முடித்து, துணியால் துடைத்து, சுவரில் சாய்க்காமல் பெஞ்சில் கிடத்திவிட்டு டீ சொல்லப் போனார்.