குறுக்குக் காற்றும் பழகிய கையும்

19 ஜூலை 2025, காட்பாடி

ஏடிஆர் விமானத்திலிருந்து ஏர்பஸ் ஏ320-க்கு மாறிய துணை விமானியான எனக்கு அரையாண்டுத் திறன் தேர்வு வியாழக்கிழமை. இன்று மாலை அம்மாவை ஸ்கூட்டரில் வேலூருக்கு அழைத்துச் சென்றபோது, பாலாற்றுப் பாலத்தில் மேற்கிலிருந்து அடித்த ஆடிக் காற்றுக்கு ஈடாக வண்டியை வலப்பக்கம் சாய்த்தே ஓட்டினேன். ஒரு லாரி வலப்புறம் முந்தியதும் காற்று சட்டென்று மறைபட்டு, வண்டி லாரியை நோக்கியே இழுத்தது. “பாத்துப் போடா” என்றார் அம்மா.

21 ஜூலை

ஓடுதளத்துக்கு 30 பாகை கோணத்தில் 30 நாட் (மணிக்கு 30 கடல்மைல்) காற்று வீசினால், பக்கவாட்டில் தாக்கும் குறுக்குக் கூறு 15 நாட். ஏ320 கையேட்டில் உள்ள 38 நாட், காற்றின் திடீர் வீச்சையும் சேர்த்து, சோதனைப் பறப்பில் செய்துகாட்டப்பட்ட அளவே தவிர விமானத்தின் எல்லை அன்று. 2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்க்கில் துணை விமானி இறக்க முயன்ற லுஃப்தான்சா ஏ320-இன் இடது இறக்கை நுனி ஓடுதளத்தை உரசியது. ‘செய்துகாட்டப்பட்ட அளவு’ என்ற இந்தச் சொல் கையேடுகளில் தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்பதையும் விசாரணை அறிக்கை சுட்டியது. அனுபவம் குறைந்த துணை விமானிக்கு நிறுவனங்கள் இதைவிடக் குறைந்த எல்லை வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன்.

24 ஜூலை, பெங்களூரு

சிமுலேட்டரில் வலப்பக்கக் காற்று 25 நாட். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வந்து, தரை தொடுமுன் இடக்காலால் ரடரை (வால் சுக்கானை) அழுத்தி நேராக்கி, மெத்தென்று இறக்கினேன். ஆனால் சக்கரம் தொட்டபின்னும் என் கை கட்டுப்பாட்டுக் குச்சியை வலப்பக்கம் சாய்த்தே வைத்திருந்தது. உயர்ந்த இறக்கையும் நெருங்கிய சக்கரங்களும் கொண்ட ஏடிஆரில் காற்றுப் பக்க இறக்கை எழும்பாதிருக்க அதுவே சரி. கேப்டன் மூக்குச் சக்கரத்தைத் திருப்பும்போது அந்தச் சாய்வைப் பிடித்திருப்பது துணை விமானியின் வேலை. ஏ320-இல் அதே பழக்கம் வலச் சக்கரத்தின் மீது பாரத்தை ஏற்றி, ஏற்கெனவே காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கும் மூக்குக்குத் துணைபோகிறது. மையக்கோட்டை விட்டு விலகினேன். இறக்கம் எவ்வளவு மென்மை என்பதற்கு மதிப்பெண் இல்லை. கையால் இயக்கும் திறனில் “மீண்டும் பயிற்சி” என்று எழுதினார் தேர்வாளர். நியாயந்தான்.

2 ஆகஸ்ட்

மறுதேர்வு. சீரான காற்றில் கால் ஒருமுறை அழுத்தினால் போதுமென்று பழகிவிடும் என்பதால், காற்றை வீச்சோடு வைக்கும்படி நானே கேட்டேன். முதல் முறை 50 அடியில் மையக்கோடு நழுவியதும் “கோ அரவுண்ட்” சொல்லி மேலேறினேன். தேர்வாளர் அதைத் தவறாக எடுக்கவில்லை. இரண்டாம் முறை, தொட்டபின் கை நடுவில் நின்றது, வேகம் 60 நாட் ஆகக் குறையும் வரை கால்கள் மட்டும் வேலை செய்தன.