பழைய லேப்டாப்புல லினக்ஸ் மின்ட்: இதுவரைக்கும் நடந்தது

மெஷின் விவரத்த முதல்ல சொல்லிடறேன். மூணாவது தலைமுறை ஐ3, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி சுத்துற ஹார்ட் டிஸ்க், 1366க்கு 768 ஸ்கிரீன். விண்டோஸ் 10 இருந்துச்சு, அதுக்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு, 11 போடலாம்னா டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்ப கேக்குது, இன்டெல்னா எட்டாவது தலைமுறையாவது இருக்கணும்ங்குது, இதுல ரெண்டுக்கும் வழியில்ல. ஆனா கீபோர்டு கிண்ணுனு இருக்கு, ஸ்கிரீன்ல ஒரு கீறல் கிடையாது, தூக்கிப்போட மனசு வரல. சரி, விண்டோஸுக்கு பதிலா இலவசமா கிடைக்கற லினக்ஸ் ஓஎஸ்ஸ போட்டுத்தான் பாப்போமேன்னு இறங்கியாச்சு.

எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸோட வகை) போடலாம்னு யார்கிட்ட கேட்டாலும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க, அந்தப் பஞ்சாயத்துக்கு முடிவே கிடையாது. நான் லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ எடுத்துக்கிட்டேன், அடியில உபுன்டு 24.04ங்கற இன்னொரு டிஸ்ட்ரோ இருக்கு, 2029 வரைக்கும் அப்டேட் வரும், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் ராம கொஞ்சமா தின்னும், எனக்கு அது போதும். ஒண்ணு மட்டும் முன்னாடியே பாத்துக்கங்க, உங்க சிபியு 32 பிட்டுனா இது ஓடாது. உபுன்டு பக்கம் எப்பவோ 32 பிட்ட நிறுத்திட்டாங்க, டெபியன்ங்கற டிஸ்ட்ரோலயும் 13லேர்ந்து 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது, அதனால டெபியன் 12 மாதிரி பழசுக்குத்தான் போகணும்.

பென்டிரைவுலேர்ந்து பூட் பண்ண வென்டாய்ங்கற டூல யூஸ் பண்ணேன். ஒரு தடவ வென்டாய இறக்கி வச்சிட்டா போதும், அப்புறம் ஐஎஸ்ஓ ஃபைல (டிஸ்ட்ரோ மொத்தமும் இருக்கற ஒரே ஃபைல்) சும்மா காப்பி பண்ணி போட்டுக்கலாம், பூட் ஆகும்போது எது வேணும்னு லிஸ்ட் காட்டும், ஒவ்வொரு தடவையும் பென்டிரைவ அழிச்சு அழிச்சு எழுத வேண்டியதில்ல. டவுன்லோட் பண்ண ஐஎஸ்ஓவோட ஷா256 நம்பர (ஃபைல் முழுசா சரியா இருக்கான்னு காட்டற அடையாளம்) ஒரு தடவ சரிபாத்துடுங்க, அரைகுறையா இறங்கின ஃபைலால இன்ஸ்டால் பாதியில நின்னா காரணம் புரியாம தலைய பிச்சிக்கணும்.

லைவ் மோட்ல (இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவுலேர்ந்தே ஓட்டறது) பூட் பண்ணதும் எல்லாரும் டெஸ்க்டாப் அழகா இருக்கான்னுதான் பாப்பாங்க, நான் சொல்றது என்னன்னா நேரா டிஸ்க்ஸ்னு ஒரு ஆப் இருக்கும் அதத் திறந்து ஸ்மார்ட் டேட்டாவ (டிஸ்க் தன் உடம்பு நிலையப் பத்தி தானே வச்சிருக்கற கணக்கு) பாருங்க. ரீஅலோகேட்டட் செக்டர் கவுன்ட்னு ஒரு வரி இருக்கும், டிஸ்க்ல கெட்டுப்போன இடத்துக்கு பதிலா ஸ்பேர் இடத்த எத்தன தடவ எடுத்திருக்குன்னு அர்த்தம், அது பூஜ்யமா இருந்தா நிம்மதி. என்னோடதுல பூஜ்யம் இல்ல, அதுவும் ஏறிக்கிட்டே போகுது. அப்பவே தெரிஞ்சிடுச்சு இத்தன வருஷமா விண்டோஸ திட்டினதுல பாதி இந்த டிஸ்க்குக்குப் போயிருக்க வேண்டியதுன்னு. 5400 ஆர்பிஎம் டிஸ்க்குங்கறது ஒரு செகண்டுக்கு நூறு தடவகூட வேற வேற இடத்துக்கு ஓடிப்போய் படிக்க முடியாத ஜீவன், சுத்தற பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே வேலைய ஆயிரக்கணக்குல செய்யும். ஓஎஸ்ஸ மாத்தினா லேப்டாப் பறக்கும்னு சொல்றவங்க பெரும்பாலும் கூடவே எஸ்எஸ்டியும் மாத்தியிருப்பாங்க, அத மட்டும் சொல்ல மாட்டாங்க. நானும் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கி மாட்டிட்டேன், பழைய டிஸ்க்க அப்படியே கழட்டி யுஎஸ்பி கேஸ்ல போட்டாச்சு, போட்டோ எல்லாம் அதுலேர்ந்து காப்பி ஆயிடுச்சு.

இன்ஸ்டால் பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. டிஸ்க் காலிங்கறதால முழுசா அழிச்சு போடுன்னு குடுத்தாச்சு, டைம் ஜோன், பேரு, பாஸ்வேர்டு, அவ்ளோதான். விண்டோஸும் கூடவே இருக்கணும்னு நினைக்கறவங்க முதல்ல விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா அது முழுசா ஷட்டவுன் ஆகாம பாதித் தூக்கத்துல இருக்கும், லினக்ஸ்லேர்ந்து அந்த டிரைவுல எழுத முடியாது.

வேடிக்கை அதுக்கப்புறம்தான். வைஃபை வரல. உள்ள இருக்கற சிப்போட டிரைவர் ஓப்பன் சோர்ஸ் கிடையாது, அதனால தனியா இறக்கணும், இறக்க நெட் வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும். இந்த சிக்கலுக்கு மொபைல யுஎஸ்பில சொருகி டெதரிங் (மொபைல் நெட்ட லேப்டாப்புக்குக் குடுக்கறது) ஆன் பண்றதுதான் லேசான வழி, லினக்ஸ் அத வயர் போட்ட நெட்வொர்க்கா எடுத்துக்கும், ஒரு டிரைவரும் கேக்காது. அப்புறம் டிரைவர் மேனேஜர்ல டிக் பண்ணி ரீஸ்டார்ட் போட்டா முடிஞ்சது.

ஆனா அதுக்கு நடுவுல இன்னொண்ணு. நெட் வந்த கையோட அப்டேட் குடுத்தா ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடி ஆகலன்னு எரர், பிரவுசர்ல எந்த சைட்டத் திறந்தாலும் சர்டிஃபிகேட் சரியில்லங்குது. கடிகாரத்தப் பாத்தா பல மாசம் பின்னாடி நிக்குது. பயாஸுக்குள்ள (ஓஎஸ்ஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்) போனா 2012 ஜனவரி 1! மதர்போர்டுல கடிகாரத்த ஓட வைக்கற சீமாஸ் பேட்டரி செத்துடுச்சு, அதான் கரன்ட் போற ஒவ்வொரு தடவையும் தேதி பிறந்த வருஷத்துக்கே போயிடுது. அப்போ லினக்ஸ்ல மட்டும் ஏன் 2012 காட்டலன்னு தோணும், லினக்ஸ்ல மத்ததையெல்லாம் கிளப்பி விடற சிஸ்டம்டிங்கற புரோகிராம், பூட் ஆகும்போது நான் உருவாக்கப்பட்ட தேதிக்கு முன்னாடி இப்போ இருக்க வாய்ப்பே இல்லன்னு கணக்கு போட்டு கடிகாரத்த அந்தத் தேதி வரைக்கும் தானே தள்ளிடுது, கெட்டிக்காரத்தனம்தான். கொஞ்ச நேரம் விட்டா நெட்லேர்ந்து சரியான டைம எடுத்துக்கும், எரரும் போயிடும். நிரந்தரமா தீரணும்னா பேட்டரிய மாத்தணும். அடி மூடியக் கழட்டினா ரெண்டு வயரும் குட்டி கனெக்டருமா கறுப்பு பிளாஸ்டிக் உறைக்குள்ள ஒரு சிஆர்2032 இருக்கும், வயரோடயே கிடைக்குது, பிடுங்கி சொருகற வேலைதான்.

ராம் 4 ஜிபிதான், பிரவுசர்ல அஞ்சாறு டேப் திறந்தா மூச்சு முட்டுது. இசட்ராம் போட்டேன். ராம்லயே ஒரு பகுதிய ஸ்வாப் (ராம் நிரம்பினா மிச்சத்த ஒதுக்கி வைக்கற இடம்) மாதிரி ஆக்கி அங்க போறத சுருக்கி வைக்கும், அதனால அதே இடத்துல ரெண்டு மூணு மடங்கு விஷயம் அடங்கும். இசட்ராம் டூல்ஸ்னு பேக்கேஜ் இருக்கு, செட்டிங் ஃபைல்ல சுருக்கற முறைக்கு இசட்எஸ்டிடி, அளவுக்கு ராம்ல 50 சதவீதம்னு குடுத்தேன். சிபியு கொஞ்சம் கூட வேலை பாக்கும், ஆனா டேப் மாறும்போது உறைஞ்சு நிக்கறது நல்லாவே குறைஞ்சிருக்கு.

எனக்கு ரொம்ப நேரம் பிடிச்சது வீடியோ. யூடியூப்ல 720பி ஓடினாலே ஃபேன் கத்துது, படம் திக்கி திக்கி போகுது. வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் திறந்தேன், கோடெக்னு (வீடியோவ சுருக்கற முறை) போட்ட இடத்துல விபி09, அதாவது விபி9, கீழ டிராப்டு ஃப்ரேம்ஸ் விறுவிறுன்னு ஏறுது. இந்த லேப்டாப் வந்த காலத்து கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஹெச்.264ங்கற கோடெக் தெரியும், விபி9 தெரியாது, அப்போ மொத்த சுமையும் சிபியு தலையிலதான். ஹெச்264ஐஃபைனு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, இந்த பிரவுசருக்கு விபி9 வராதுன்னு சைட்டுகிட்ட சொல்லிடும், அது ஹெச்.264 அனுப்பும். போட்டுட்டு மறுபடி பாத்தா கோடெக் இடத்துல ஏவிசி1 (ஹெச்.264தான்), டிராப் ஆகறது நின்னுடுச்சு, ஃபேனும் அடங்கிடுச்சு. 4கே கிடைக்காது, 1080பிக்கு மேல ஹெச்.264ல வராது, இந்த ஸ்கிரீனுக்கு அது எதுக்கு.

தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ் எம்17என் பேக்கேஜ் போட்டு லாக்அவுட் பண்ணி வந்தா தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர் கீபோர்டு முறையெல்லாம் லிஸ்ட்ல இருக்கு. நான் தமிழ்99. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு, அம்மான்னு அடிக்க அ, ம, ம, ஆ தட்டினா போதும், நடுவுல புள்ளிய அதுவே வச்சிக்கும். ஆங்கில எழுத்துல தமிழ அடிச்சுப் பழகினவங்களுக்கு முதல்ல எரிச்சலா இருக்கும், கை பழகிட்டா விட மாட்டீங்க. பழைய டிஸ்க்ல இருந்த பாமினி ஃபான்ட் டாக்குமென்ட்டெல்லாம் கந்தரகோலமா தெரியுது, அந்த ஃபான்ட் இதுல இல்லல்ல, ஒண்ணொண்ணா யூனிகோடுக்கு மாத்திட்டிருக்கேன்.

பாக்கி ரெண்டு வேல. பிரைட்னஸ் கீ அமுக்கினா ஸ்லைடர் நகருது, வெளிச்சம் மாறல, கிரப் (லினக்ஸ பூட் பண்ற புரோகிராம்) செட்டிங்ல ஏசிபிஐ பேக்லைட்டுக்கு, அதாவது ஸ்கிரீன் வெளிச்சத்த யார் பாத்துக்கறதுங்கறதுக்கு, நேட்டிவ்னு குடுத்து பாக்கணும், கேக்கலன்னா வெண்டர். இன்னொரு ராம் ஸ்லாட் காலியா இருக்கு, அதுக்கு 4 ஜிபி குச்சி ஒண்ணு தேடிட்டிருக்கேன்.