மூன்று நோட், மூன்று மார்க்: பேஸ் கிட்டார் கிரேடு 3 அனுபவம்

நேற்று சாயங்காலம் பேஸ் கிட்டார் (அடிச் சுருதி வாசிக்கும் கிட்டார்) கிரேடு 3 தேர்வின் ரிசல்ட் வந்தது. 84. டிஸ்டிங்ஷனுக்கு 87 வேண்டும். நாற்பதை நெருங்கும் வயதில் அதற்கு அடுத்த நிலையான மெரிட் வாங்கியதே பெரிசு என்கிறார்கள் வீட்டில். சரிதான். ஆனால் அந்த மூன்று மார்க் எந்த இடத்தில் போனது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும், அதுதான் தூங்க விடவில்லை.

தேர்வில் வாசிக்க நானே தேர்ந்தெடுத்த பாட்டு, டெம்ப்டேஷன்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் குழுவின் ‘மை கேர்ள்’. பேஸ் தன்னந்தனியாகத் தொடங்கும் பாட்டு. மூன்றே நோட் (ஸ்வரம்): சி, கீழே ஜி, மறுபடி சி, அப்புறம் மௌனம். கிட்டார் அதற்குப் பிறகுதான் படியேறி வரும். இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பாட்டின் சுருதி சி-யிலிருந்து டி-க்கு மாறும் இடத்தையே மூன்று மாதம் அரைத்தேன். முதல் மூன்று நோட்டுக்கு நான் ஒதுக்கிய நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் பத்து நிமிடம் தேறாது.

பாட்டின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், வாசிப்புக்கே உதவும். ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்ட் வைட்டும் எழுதியது. 1964 டிசம்பரில் டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. 1965 மார்ச்சில் அமெரிக்க ஹிட் பாடல் பட்டியலில் முதலிடம். அந்தக் கிட்டார் படியேற்றம் ராபர்ட் வைட்டுடையது. பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அன்றைய மோடவுன் உறைகளில் வாத்தியக்காரர்கள் பெயரைப் போடுவதில்லை. அவர் பெயர் உறையில் வர 1971 ஆயிற்று.

ஜேமர்சன் முதலில் நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸ்காரர். எலெக்ட்ரிக் பேஸுக்கு வந்த பிறகும் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். அவருடைய ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் தடித்த ஃப்ளாட்வுண்ட் (வழவழப்பான, சத்தம் மங்கலான) கம்பிகள், பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் முடியும் இடம்) மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். கம்பி அறுந்தால்தான் மாற்றுவார். அதனால் அவர் அடிக்கும் நோட் ‘தும்’ என்று விழுந்து அங்கேயே அடங்கிவிடும். அந்த அடக்கத்தில்தான் பாட்டே நடக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? தேர்வுக்கு ஐந்து நாள் முன்னால் புத்தம் புது ரவுண்ட்வுண்ட் (சொரசொரப்பான, கணீரென்று ஒலிக்கும்) கம்பி செட் வாங்கி மாட்டினேன். கல்யாணத்துக்குப் புதுச்சட்டை எடுப்பது மாதிரி. என் மாஸ்டருக்கு வயது 24. “சார், இப்ப போய் கம்பியத் தொடாதீங்க சார்” என்றார். கேட்கவில்லை. வீட்டில் ஆம்ப் (ஒலிபெருக்கி) சத்தத்தைக் குறைத்து வாசித்ததில் வித்தியாசமும் தெரியவில்லை.

தேர்வறை ஆம்ப் பெரியது. கவுண்ட் முடிந்தது, சி அடித்தேன். மணி மாதிரி நின்றது. அது அடங்குவதற்குள் ஜி. இரண்டும் சேர்ந்து மொனகின. பதற்றத்தில் அடுத்த சி-யைச் சீக்கிரமே அடித்தேன், மௌனம் இருக்க வேண்டிய இடம் முழுக்க ரீங்காரம். மிச்சப் பாட்டு நன்றாகவே போனது. எக்ஸாமினர் எழுதிய முதல் வரி, தொடக்கத்தில் நோட்டின் நீளம் கட்டுப்பாட்டில் இல்லை என்பதுதான்.

இனி கவனமாகக் கேளுங்கள், இதற்காகத்தான் எழுதுகிறேன். சி, ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் (கழுத்தில் விரல் வைக்கும் கட்டம்). ஜி, இ கம்பியில் அதே மூன்றாவது ஃப்ரெட். ஒரே விரலைப் படுக்கப் போட்டு இரண்டையும் அழுத்தத்தான் கை போகும். அப்படிச் செய்தால் ஜி அடிக்கும்போதும் சி உயிரோடு இருக்கும். விரலின் அடிப்பாகத்தால் சி-யை அழுத்தி, பிறகு விரலை லேசாக உருட்டி நுனியை ஜி-க்குக் கொடுங்கள். அடிப்பாகம் தளர்ந்ததும் சி செத்துவிடும். விரலை முழுக்க எடுக்க வேண்டாம், கம்பியில் பட்டபடியே இருக்கட்டும். திரும்பி வருவது சுலபம். ஏ கம்பியை மீட்டிய வலது விரல் தானாகவே இ கம்பியில் வந்து சாயும், ஜி அடங்கும். ஒரு திசையில் இடது கை வேலை, மறு திசையில் வலது கை வேலை. இது எனக்குப் புரிந்தது ரிசல்ட்டுக்குப் பிறகு.

மற்றவை சுருக்கமாக:

- நான் பழகிய வேகம் 104. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 52-ல் வைத்து, அந்தத் தட்டு 2, 4 அடிகளில் விழுவதாக எண்ணுங்கள். முதல் நாள் எரிச்சல் வரும்.
- டி-க்கு மாறியதும் திறந்த டி கம்பி சும்மா கிடைக்கிறதே என்று தொடாதீர்கள். ஏ கம்பி ஐந்தாவது ஃப்ரெட்டிலேயே வாசியுங்கள். திறந்த கம்பியை அடக்குவது தனித் தலைவலி.
- போனில் பதிவுசெய்து நோட்டை விட்டுவிட்டு மௌனத்தை மட்டும் கேளுங்கள்.
- பிரிட்ஜ் ஓரம் கம்பிக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டிச் செருகலாம். புதுசாக இருக்கட்டும்.
- தேர்வின் செஷன் ஸ்கில்ஸ் பகுதியில் பிளேபேக் (கேட்டதைத் திரும்ப வாசிப்பது) எடுங்கள். இம்ப்ரொவைசேஷன் (அந்த நேரத்தில் தானாகக் கற்பனை செய்து வாசிப்பது) எடுத்துத் தப்பித்தவர்கள் உண்டு. என்னைப் போல் அதிகம் யோசிக்கிற ஆளுக்கு அது ஆகாது.
- புதுக் கம்பி வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்பே. இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

கழற்றிய பழைய செட்டைச் சுருட்டி மேஜை டிராயரில் போட்டிருந்தேன். நேற்று ராத்திரியே திரும்ப மாட்டினேன். டியூனிங் கீயில் சுற்றும்போது டி கம்பி மட்டும் பட்டென்று அறுந்துவிட்டது. போகட்டும், அந்த மூன்று நோட்டுக்கு டி கம்பி தேவையில்லை.