அட்மின் அக்காவின் பனங்கணக்கு

அறந்தாங்கிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பட்டா நகல், பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் பிரிண்ட், இதுதான் பிழைப்பு. ஊர்ப் பையன்கள் சேர்ந்து பேஸ்புக் பக்கம் ஆரம்பித்தபோது, தமிழில் வேகமாக அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அட்மின் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது கடைக்கு வரும் வாண்டுகள்கூட ‘அட்மின் அக்கா’ என்றுதான் கூப்பிடுகின்றன.

அந்தப் பக்கத்துக்கு முதல் உண்மையான வேலை வந்தது கஜா புயலில். 2018 நவம்பர் 16, விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. அடிபட்ட ஊரிலிருந்து பதிவு வராது என்பது அப்போதுதான் உறைத்தது. போனில் சார்ஜ் இருந்தால்தானே புலம்ப முடியும்? நான்காம் நாள் காரைக்குடி வரை போய் சிக்னல் பிடித்து, ‘எங்கள் ஊருக்கு உதவுங்கள்’ என்று மூன்றே வார்த்தை போட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு மினி லாரி நிறையப் பழைய துணி வந்து இறங்கியது. சாயம் போன சுடிதார், ஜிப் அறுந்த பேன்ட், ஒரு கோட்டு, ஒற்றைச் செருப்பு. மழை விடவில்லை. அத்தனையும் பள்ளிக்கூடத் திண்ணையில் ஊறி நாறிப் போனது. பையன்கள் அனுப்பியவர்களைத் திட்டினார்கள். எனக்கென்னவோ அவர்கள் மேல் கோபம் வரவில்லை. என்ன வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே?

மறுபடி காரைக்குடிக்குப் போய் இப்படிப் போட்டேன்: “62 வீட்டுக்குக் கூரை இல்லை. 12க்கு 15 அடி தார்ப்பாய் 62 வேண்டும். மெழுகுவத்தி, கொசுவத்தி, நாப்கின் வேண்டும். துணி வேண்டாம்.” சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்த் தம்பிகள் பணம் சேர்த்து, திருச்சியில் வாங்கி வண்டி ஏற்றினார்கள். 70 தார்ப்பாய் வந்தது. மிச்சம் எட்டைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்தோம்.

அந்தப் புயலில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தபோது, கண்மாய்க் கரையில் பனை மட்டும் அப்படியே நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் பனை விதைக்கும் யோசனை வந்தது. 2019 ஆவணியில் பழம் விழத் தொடங்கியதும், ஒரு தம்பி ஜோராக போஸ்டர் செய்தான். பின்னணியில் சூரிய உதயம், நடுவில் பனை, மேலே ‘வாருங்கள், பனையால் பசுமை படைப்போம்’. 412 லைக். ஞாயிற்றுக்கிழமை கரையில் ஏழு பேர் நின்றோம். அதில் இரண்டு பேர் ஆடு மேய்க்க வந்தவர்கள்.

ராத்திரி உட்கார்ந்து லைக் போட்ட பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் துபாய், குவைத், சிங்கப்பூர், மலேசியா. அவர்கள் எப்படி மண்வெட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள்? வர முடியாதவர்களிடம் ‘வாருங்கள்’ என்று கேட்டிருக்கிறேன், அவர்களும் மரியாதைக்கு லைக் போட்டிருக்கிறார்கள்.

கொரோனாவில் ஒரு வருஷம் போனது. 2021-ல் போஸ்டர் கிடையாது. வெறும் எழுத்து: “செப்டம்பர் 19, 2021 ஞாயிறு. காலை 6.30 முதல் 9 வரை மட்டும். பெரிய கண்மாய் மேலக்கரை, அய்யனார் கோயில் பக்கம். கடப்பாரை இருந்தால் கொண்டுவரவும். விதை எங்களிடம் இருக்கிறது. டீ உண்டு, சாப்பாடு கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் லைக் போட வேண்டாம், வீட்டுக்கு ஒரு போன் போட்டு யாராவது ஒருவரை அனுப்பவும்.” கடைசி வரியைத் தம்பிகள் எடுக்கச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. அன்றைக்கு 43 பேர். முக்கால்வாசி அம்மாக்கள். “மகன் துபாயில இருந்து போன் போட்டான், போகலைன்னா மறுபடியும் போடுவான்” என்று ஒரு அக்கா அலுத்துக்கொண்டே நாற்பது குழி போட்டார்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டு, பேனரோடு ஒரு குழு வெளியூரிலிருந்து வந்தது. கரையை விட்டுவிட்டுக் கண்மாய்க்கு உள்ளேயே விதை போட்டார்கள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். ஐப்பசியில் தண்ணீர் நிரம்பினால் என்ன ஆகும் என்று கேட்டேன். கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள்.

தேதியோடு வருஷத்தையும் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2019 போஸ்டரில் ‘வரும் ஞாயிறு’ என்று மட்டும் இருந்தது. அது வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ சுற்றி, மூன்று வருஷம் கழித்துக் காரைக்குடியிலிருந்து இரண்டு கல்லூரிப் பையன்களை பைக்கில் கூட்டிவந்துவிட்டது. கரையில் ஒரு ஆள் இல்லை. பாவம், கடையில் உட்காரவைத்து காபி வாங்கிக் கொடுத்தேன். நாம் அழித்தாலும் அடுத்தவர் போனில் இருப்பது அழியாது.

அப்புறம் கிழங்குக் கதை. விதை முளைக்கும்போது முதலில் கீழே போய்க் கிழங்கு வைக்கும், இலை வெளியே தலைகாட்டப் பல மாதம் ஆகும். 2022 தை மாதம் கரைக்குப் போனால் வரிசையாகப் பள்ளம். இருநூறு இருக்கும், அத்தனையும் தோண்டியாகிவிட்டது. எந்த இடம் என்று படத்தோடு, அடையாளத்தோடு எழுதியது நான்தானே! விசாரித்ததில் ஒரு அப்பத்தா. பேரன் போனில் படம் பார்த்துவிட்டுக் கூடையோடு போயிருக்கிறார். கேட்டதற்கு, “நட்டது திங்கத்தான தாயி?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவரே வழியும் சொன்னார். “திங்கிறதுக்குத் தனியா பாத்தி போடு. மண்ணைக் குவிச்சு, கொட்டையை நெருக்கமா அடுக்கி மூடிவிடு. தையில ஊருக்கே கெழங்கு. கரையில எவனும் கைவைக்க மாட்டான்.” அந்த வருஷப் பதிவில் ‘நட வருபவர்களுக்குப் பொங்கலுக்கு ஒரு கட்டு கிழங்கு’ என்று சேர்த்தோம். கூட்டம் தானாக வந்தது.

2023-ல் நின்றதை எண்ணினோம். புல்லுக்கு நடுவே ஒற்றை இலையோடு நிற்கும் வடலியை, அதாவது இளம் பனையை, கண்டுபிடிப்பது லேசில்லை. சுண்ணாம்பு தடவிய குச்சி நட்டு நட்டு எண்ணி, அப்படியே எழுதினேன்: “2021-ல் நட்டது 1,150. தோண்டியது 200. ஆடு, தீ, கரை பலப்படுத்த வந்த ஜேசிபி போக நிற்பது 384.” இவ்வளவு கம்மியாக நிற்பதை ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று தம்பிகளுக்கு வருத்தம். வெறும் 31 லைக். ஆனால் அந்த வாரம் போல் எனக்குப் போன் வந்ததே இல்லை. “என் பங்குல எத்தனை நிக்குது?” என்றுதான் பாதிப் பேர் கேட்டார்கள்.

போன ஆவணியில் அப்பத்தாவை வைத்து நாற்பது செகண்டு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். மூன்று காலடிக்கு ஒரு குழி, விதையைப் போட்டு மூடி மிதித்துவிட வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“யாராரு பாத்தாக?”

பெயர்களை வாசித்தேன். அறந்தாங்கி, திருப்பூர், சிங்கப்பூர் என்று போனது.

“சிங்கப்பூருலயா? எங்க மூத்தவன் மகன் அங்கதான இருக்கான். அவன் பாத்தானா பாரு.”

போனில் தள்ளிக்கொண்டே போனேன். கீழே, முதல் ஆட்களில் இருந்தான். வைத்த நாலாவது நிமிஷமே பார்த்திருக்கிறான். பதில் ஒன்றும் போடவில்லை. “பாத்திருக்கான் அப்பத்தா” என்றேன். போனை வாங்கி, அந்தச் சின்ன வட்டத்தில் இருந்த அவன் முகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.