ஏலத்தில் மைனர் எடுக்க முன்

கிழக்கிலிருந்து போய் லண்டனில் ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் குடியிருக்கும் எங்கட ஆட்களுக்கு ஒரு வயது வந்ததும் பழைய மொரிஸ் மைனர் காரில் ஆசை விழுந்துவிடுகிறது. ஏலப் பட்டியலில் ஒன்றைக் கண்டால் படம் வாட்ஸ்அப்பில் மட்டக்களப்புக்கு வரும்: "சித்தப்பா, இது எடுக்கலாமா?" இந்தப் பக்கம், ஆரையம்பதியிலோ கல்முனையிலோ கொட்டிலுக்குள் மைனர் வைத்திருப்பவர் அதே படத்தைப் பார்த்து, பவுணை ரூபாயில் பெருக்கி, தன் காருக்கு விலை சொல்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அங்கே எடுத்ததை இங்கே இறக்கலாம் என்ற எண்ணத்தை மட்டும் இப்போதே விடுங்கள். பாவித்த கார் இறக்குமதிக்கு வயதெல்லை இருக்கிறது. 60 வருடக் கார் அதற்குக் கிட்டவும் வராது.

செய்தியில் வரும் ஏலங்களை வைத்துக் கணக்குப் பார்க்கவும் கூடாது. 2017இல் ஒரு அஸ்டன் மார்ட்டின் டிபிஆர்1 அமெரிக்காவில் 2 கோடி 25 இலட்சம் டொலருக்கு மேல் போனது. அது ஓட்டப் பந்தயக் கார், வேறு உலகம். மைனர் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார். அரிதானது என்பதற்காக யாரும் காசு தருவதில்லை. தகடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்குத்தான் தருகிறார்கள்.

பிரித்தானிய ஏலத்தில் சுத்தியல் தட்டிய விலை நீங்கள் கட்டும் விலை அல்ல. அதன் மேல் வாங்குபவர் கட்டணம் ஒன்று வரும், அந்தக் கட்டணத்துக்கு 20 வீத வற் வரியும் வரும். கட்டண வீதம் இடத்துக்கு இடம் வேறு. உதாரணத்துக்கு 12.5 வீதம் என்று வையுங்கள். 6,000 பவுணுக்குச் சுத்தியல் விழுந்தால் கட்டணம் 750, வற் 150, மொத்தம் 6,900. இணையத்தில் கேட்டால் சில இடங்களில் அதற்கும் தனியாக அறவிடுவார்கள். பிறகு கட்டியிழுக்கும் லொறிக் கூலி. ஆகவே கையில் 7,500 இருப்பவர் 6,000இல் நிற்க வேண்டும். ஏல மண்டபத்தின் சூட்டில் இதைக் கணக்குப் பார்க்க முடியாது. முதல் நாள் இரவே கடதாசியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

பட்டியலில் அடிக்கடி காணும் ஒரு வரி, "எம்.ஓ.ரி. தேவையில்லை". அங்கே 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத காருக்கு 2018 மே மாதத்திலிருந்து வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. இதை நற்சான்றிதழ் போல வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அந்தக் காருக்கு அடியில் பல வருடமாக ஒருவரும் படுத்துப் பார்க்கவில்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். நம்பர் பிளேற்றைப் போட்டால் பழைய பரிசோதனை வரலாறு அரசாங்க இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். கடைசியாகச் சோதித்த வருடத்தில் "சில் கறள்" (சில் என்பது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு), "ஸ்பிரிங் பிடி கறள்" என்று எச்சரிக்கை எழுதியிருந்து, அதன் பிறகு சோதனையே இல்லாமல் கார் இப்போது பளபளவென்று நின்றால், அந்தக் கறள் பெயின்றுக்குள்தான் இருக்கிறது.

அடுத்தது அடையாளம். போனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் சேஸி நம்பர்த் தகடு இருக்கும். 1960களின் மைனரில் அந்த நம்பரின் முன் எழுத்துகளே கார் பிறந்த கதையைச் சொல்லிவிடும். எம் என்றால் மொரிஸ், ஏ என்றால் ஏ வகை எஞ்சின். பிறகு 2எஸ் வந்தால் இரண்டு கதவு, வெறும் எஸ் என்றால் நான்கு கதவு, டபிள்யூ என்றால் மரச்சட்டம் போட்ட ட்ரவலர், ரி என்றால் கூரை மடிக்கும் கார். கடைசியில் வரும் 3 என்பது 948 சிசி காலம், 5 என்பது 1962க்குப் பிந்திய 1098 சிசி காலம். எஞ்சின் நம்பரும் அதற்கு ஒத்து வரவேண்டும்: 948க்கு 9எம், 1098க்கு 10எம்ஏ என்று தொடங்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், கூரை மடிக்கும் மைனருக்கு விலை அதிகம். சாதாரண இரண்டு கதவுக் காரின் கூரையை அறுத்து அப்படி ஆக்கியவை ஏராளம். தொழிற்சாலையில் செய்த காரில் கூரை இல்லாத குறையை ஈடுகட்ட உள்ளே வலுத்தகடுகள் வைத்து ஒட்டியிருப்பார்கள். அறுத்த காரில் அது இல்லாமல் போனால் பள்ளம் விழுந்த ரோட்டில் கதவு தானாகத் திறக்கும். நம்பரில் ரி இல்லாமல் 2எஸ் இருந்தால் அது அறுத்த கார். நன்றாக வலுப்படுத்தி அறுத்ததும் உண்டு, ஆனால் விலை அசலின் விலையாக இருக்கக்கூடாது. நம்பர்த் தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளையும் பாருங்கள். சுற்றிலும் பழைய பெயின்ற், ஆணி மட்டும் புதுப் பளபளப்பு என்றால் தகடு வேறு காரிலிருந்து வந்திருக்கலாம். இளம் ஊதா நிறக் காரைக் கண்டாலும் இதே கவனம் வேண்டும். பத்து இலட்சமாவது மைனரைக் கொண்டாட அந்த நிறத்தில் 350 கார்கள் மட்டுமே விட்டார்கள், மற்றக் கார்களுக்கு அந்த நிறம் அடிப்பது இன்றைக்கும் ஒரு நாள் வேலை.

இனித் தகடு. மைனருக்குத் தனிச் சேஸி இல்லை. தளமும் சில்லும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. (அதே கதவடிச் சில், காரின் உருளும் சில்லு அல்ல.) பிரித்தானியாவில் மாரியில் பனிக்கு ரோட்டில் உப்புப் போடுவார்கள், அதனால் கறள் கீழிருந்து மேலே ஏறும். எங்கட எழுவான்கரையில் உப்பு காற்றில் வருகிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த காரில் கண்ணாடி ரப்பருக்குக் கீழ், கூரைத் தவாளி, முன் மட்காட்டின் மேல் மூலை என்று மேலேயிருந்து தின்னும். வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் காரில் மேல் சுத்தமாக இருக்கும். ஆனால் வெள்ளம் ஏறி வடிந்த சேறு சில்லுக்குள்ளும் சேஸிக் காலுக்குள்ளும் (தளத்தின் கீழ் நீளமாக ஓடும் பெட்டிச் சட்டம்) தங்கி, உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டிருக்கும். 2004 சுனாமியில் கடல்நீருக்குள் நின்ற கார் என்றால் இரண்டும் சேர்ந்திருக்கும்.

பார்க்கும் முறை இதுதான். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில்லின் அடி, மட்காட்டின் பின் அடி, கதவின் அடி வழியாக இழுத்துக்கொண்டு போங்கள். பிடிக்காத இடம் புட்டி. பிறகு முன் ஆசனத்துக்கு முன்னால் காரைக் குறுக்காகக் கடக்கும் பெட்டிச் சட்டத்தைத் தேடுங்கள். முன் ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும் டோர்ஷன் பார் இரண்டும் பின்பக்கம் பிடிபட்டிருப்பது அதில்தான், ஜாக் வைக்கும் இடம் அதன் இரு முனையிலும். அந்த முனைகள்தான் முதலில் போகும். ஸ்குரூட்ரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு மணிபோல் கேட்கும், அழுகியது பிஸ்கட் பெட்டிபோல் கேட்கும். அடுத்தது பின் ஸ்பிரிங் பட்டையின் முன் பிடி, பின் ஆசனத்துக்குக் கீழ்ப்புறம். இங்கே தகட்டுக்கு மேல் தகடு ஒட்டியிருந்தால் உள்ளே பழைய தகடு இன்னும் அழுகிக்கொண்டுதான் இருக்கிறது. கடைசியாக, விற்பவர் சம்மதித்தால் ஒரு பக்கத்தை ஜாக்கில் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். நிலத்தில் நிற்கும்போது சுகமாக மூடிய கதவு இப்போது தட்டுப்பட்டால் சில்லுக்கு உயிர் இல்லை. ட்ரவலருக்கு மேலதிகமாக மரத்தையும் பாருங்கள். அந்த அஷ் மரச்சட்டம் அலங்காரமில்லை, பின் உடம்பைப் பிடித்திருப்பதே அதுதான். ஜன்னல் அடியிலும் மூட்டுகளிலும் கறுத்திருந்தால் விலையில் பெரிய பகுதியைக் கழித்துவிடலாம்.

மைனர் எடுத்தவர்களை நடுரோட்டில் நிறுத்துவது பெரும்பாலும் முன் சக்கரத்தின் ட்ரனியன்தான். சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த கம்பியின் மேல் முனையும் கீழ் முனையும் மரையோடு ஒவ்வொரு பூட்டுக்குள் திரும்பும். பக்கத்துக்கு 2, மொத்தம் 4 கிறீஸ் நிப்பிள். கிறீஸ் காய்ந்தால் மரை தேயும். தேய்ந்து முடிந்த அன்றைக்குக் கீழ்ப் பூட்டு கம்பியை விட்டுக் கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்து கார் முழங்காலில் விழும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போதுதான் இது கூடுதலாக நடக்கும். சந்தையடியில் விழுந்தால் வெட்கத்தோடு போகும், கல்லடிப் பாலத்தில் விழுந்தால் அப்படிப் போகாது.

சோதிப்பது லேசு. முன் பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ரயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு ரயருக்கு அடியில் ஒரு அலவாங்கை விட்டு மெல்ல நெம்ப, இன்னொருவர் கீழ்ப் பூட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கம்பி பூட்டுக்குள் மேலும் கீழும் நகர்ந்தால் மாற்ற வேண்டியதுதான். நல்ல நிலையில் இருந்தால் 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடித்தால் போதும். அதையும் சில்லு தொங்கும் நிலையில் அடியுங்கள். பாரம் இறங்கியிருந்தால் தேயும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. ட்ரயம்ப் ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துக் கிறீஸ் அடிக்கவேண்டாம். அதன் ட்ரனியனுக்கு 90 நம்பர் கியர் ஒயில்தான்.

பிரேக்கில் ஒரு பொல்லாத இடம் உண்டு. மாஸ்ரர் சிலிண்டர் போனட்டுக்குள் இல்லை. சாரதியின் காலடியில் கார்ப்பெற்றைத் தூக்கி ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் சேஸிக் காலுக்குள் தெரியும். பார்க்கக் கஷ்டம் என்பதால் ஒருவரும் பார்ப்பதில்லை, எண்ணெய் வற்றிய பிறகுதான் தெரியவரும். அதைக் கழற்ற வேண்டுமென்றால் போல்ற்றை இழுக்க முடியாதபடி டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். அதையும் இறக்கவேண்டும். ஆகவே "பிரேக் மட்டும் கொஞ்சம் இறங்குது, சின்ன வேலை" என்று யாராவது சொன்னால் அரை நாள் கூலியையும் ரப்பர் செற்றின் விலையையும் கழித்துப் பேசுங்கள்.

எஞ்சினைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. ஏ வகை எஞ்சின் முரட்டு எஞ்சின், மினிக்குள் இருந்ததும் அதே குடும்பம், உதிரிப்பாகம் இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கிறது. பின்பக்கம் ஒரு துளி ஒயில் சொட்டினால் பயப்படவேண்டாம். அங்கே ரப்பர் சீலே இல்லை, சுருள் வெட்டு ஒன்று ஒயிலைத் திருப்பி அனுப்பும். குட்டை கட்டினால்தான் யோசிக்கவேண்டும். ஒயில் 20டபிள்யூ50, பில்ரரோடு சேர்த்து 3.7 லீற்றர் அளவு. வால்வ் இடைவெளி குளிரில் 0.30 மிமீ. முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்சக்கரங்களின் வேகத்தைப் பொருத்தும் அமைப்பு) கிடையாது, அது கறுமுறு என்றால் ஓட்டுபவரின் பிழை. இரண்டாவது கியர் தள்ளிக்கொண்டு வந்தால் பெட்டியின் பிழை.

லண்டன்காரருக்கு ஒரு சொல்: அங்கே 2021இலிருந்து சாதாரண பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கிறார்கள். பழைய ரப்பர்க் குழாயை அது தின்னும். 5 வீதம் வரை மட்டும் கலந்த சுப்பர் பெற்றோல் அடியுங்கள், குழாயையும் மாற்றுங்கள். இரண்டு ஊர்க்காரருக்கும் ஒரு சொல்: மைனரில் பற்றரியின் பொசிற்றிவ்தான் பொடியில் பிடித்திருக்கும். தெரியாமல் இன்றைய ரேடியோவையோ போன் சார்ஜரையோ பூட்டினால் புகைதான் வரும். யாராவது மாற்றியிருந்தால் மாற்றியதை எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீற்றரால் அளந்து பாருங்கள்.

இங்கே விலை பேசுபவர்களுக்குத் தகட்டைவிடக் கடதாசிதான் பெரிய தலையிடி. 1957க்கு முந்திய கார்கள் ஆங்கில எழுத்து நம்பரில் இருக்கும், EL, EN, EY என்று. அதன் பிறகு சிங்கள ஸ்ரீ எழுத்து. 1958இல் தார் பூசிய போராட்டம் நடந்தது இந்த எழுத்துக்குத்தான். இன்றைக்கு அதே பிளேற்றுக்குச் சேகரிப்பவர்கள் மேல்காசு தருகிறார்கள்! ஆனால் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயர் பல கைகளுக்கு முந்தியதாக இருக்கும். நடுவில் உள்ளவர்கள் எல்லாரும் ஓப்பின் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் வைத்த படிவத்தில், கைமாற்றியிருப்பார்கள். புத்தகத்தில் உள்ளவர் உயிரோடு இருந்தால், காசு முழுவதும் கொடுக்க முன் கைமாற்றப் படிவத்தில் புதுக் கையெழுத்து வாங்குங்கள். அவர் இறந்திருந்தால் உரித்தாளிகள் எத்தனை பேர், அவர்கள் எந்த நாட்டில் என்று கேளுங்கள். யப்பான் எஞ்சின் ஏற்றிய மைனர் இங்கே நிறைய ஓடுகிறது. புத்தகத்தில் இன்னும் பழைய எஞ்சின் நம்பரே கிடந்தால் அதைத் திருத்துவது விற்பவரின் வேலை. திருத்தித் தந்த பிறகு முற்பணம் கொடுங்கள்.