ஜெர்மனிச் சம்பளச் சீட்டை வாசிக்கும் முறை

ஜெர்மனியிலிருந்து வேலைக் கடிதம் வந்ததும் நம்மவர்கள் முதலில் ஆண்டுச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறார்கள். அந்தத் தொகை கைக்கு வராது. 2025 விகிதப்படி, மணமாகாத ஒருவருக்கு ஆண்டுக்கு 60,000 யூரோ என்றால் மாதம் 5,000. இதில் ஓய்வூதியத்துக்கு 9.3%, வேலையிழப்புக் காப்பீட்டுக்கு 1.3%, மருத்துவத்துக்கு ஏறத்தாழ 8.5%, முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டுக்குப் பிள்ளையில்லாதவரிடம் 2.4%. வருமான வரியும் போனால் மிஞ்சுவது 3,100 யூரோவை ஒட்டித்தான். துபாயில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. அதனால் அங்கே போனவர் கெட்டிக்காரர் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பிடித்த பணம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல் அப்படிச் சொல்வது சரியில்லை.

உடம்புக்கு முடியாமல் போனால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளத்தை நிறுவனமே தரவேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நான்கு வாரத்துக்கு மட்டும் இது பொருந்தாது. ஆறு வாரத்துக்குப் பிறகு மருத்துவக் காப்பீடு பொறுப்பேற்கிறது: மொத்தச் சம்பளத்தில் 70% (ஆனால் கைக்கு வந்த சம்பளத்தில் 90%ஐத் தாண்டாது), ஒரே நோய்க்கு மூன்று ஆண்டுக்குள் அதிகபட்சம் 78 வாரம், அந்த ஆறு வாரமும் இதில் சேர்த்தி. விடுப்பில் இருக்கும்போது காய்ச்சல் வந்து மருத்துவர் சான்று கொடுத்தால், அந்த நாட்கள் விடுப்புக் கணக்கில் திரும்பச் சேர்ந்துவிடும். இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் இதை நம்பவே தயங்கி, காய்ச்சலோடு அலுவலகம் வருகிறார்கள். அங்கே அது உழைப்பாகத் தெரியாது. பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொற்றவைக்கும் அலட்சியமாகவே தெரியும்.

வேலை போகும்போதுதான் இந்த அமைப்பின் மதிப்பும் அதன் கண்டிப்பும் சேர்ந்து புரியும். கடந்த 30 மாதத்தில் 12 மாதமாவது காப்பீடு கட்டியிருந்தால், கைக்கு வந்த சம்பளத்தில் 60%, பிள்ளை இருந்தால் 67% கிடைக்கும். 12 மாதம் கட்டியவருக்கு ஆறு மாதம், 24 மாதம் கட்டியவருக்கு ஓராண்டு. ஆனால் வேலை முடியப்போவது தெரிந்தால் மூன்று மாதம் முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியவேண்டும். மூன்று மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போதுதான் தெரியவந்தால், தெரிந்த மூன்று நாளுக்குள். பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றம் போக மூன்றே வாரம். பலர் வழுக்கி விழும் இடம் வேறு. ‘இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம்’ என்ற ஒப்பந்தத்தை மனிதவளத் துறை நீட்டும். மரியாதைக்காக அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் வேலையிழப்பு உதவித்தொகை பொதுவாக 12 வாரம் நிறுத்தப்படும். வாங்கி வைத்துக்கொண்டு, ‘வீட்டில் படித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று வந்துவிடலாம். அதில் தவறொன்றும் இல்லை.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள். ஜெர்மனியில் ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டவருக்கான வேலை, வசிப்பு அனுமதி) இருப்பவர் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம், ஜெர்மன் மொழியில் பி1 எனும் நடுத்தர நிலைத் தேர்ச்சி இருந்தால். ஏ1 எனும் தொடக்க நிலை மட்டும் என்றால் 27 மாதம். அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று மொழியைத் தள்ளிப்போடுபவர்கள் இழப்பது அந்த ஆறு மாதம் மட்டுமில்லை. கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். மதியச் சாப்பாட்டு மேசை ஜெர்மனில் நடக்கும். யாருக்கு எந்தத் திட்டம், எந்தப் பிரிவை மூடப்போகிறார்கள் என்பதெல்லாம் அந்த மேசையில்தான் முதலில் காதில் விழும்.

சட்டம் தரும் உரிமைக்கு நாள் குறிக்கலாம், ஊர் ஏற்றுக்கொள்வதற்குக் குறிக்க முடியாது. 1983க்குப் பின் அகதிகளாகப் போன ஈழத்தமிழர்கள் ஹம் நகரில் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில் 2002ல் குடமுழுக்குக் கண்டது. நிற்பது தொழிற்பேட்டைக்குள். ஆனாலும் இன்று அதன் தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் திரள்கிறார்கள், ஜெர்மானியரும் வந்து நின்று பார்க்கிறார்கள். பக்கத்துக் கால்வாயில்தான் தீர்த்தவாரி. ஏறக்குறைய இருபது ஆண்டுப் பொறுமை அந்தக் கோபுரத்தின் அடியில் கிடக்கிறது.

குடும்பத்தோடு போகிறவர்கள் சம்பளத்துக்கு முன் பார்க்கவேண்டியது பிள்ளையின் வயதை. பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பவாரியா மாநிலத்தில் கிம்னாசியம் எனும், பல்கலைக்கழகப் படிப்புக்கு இட்டுச்செல்லும் பள்ளிக்குப் போக ஜெர்மன், கணிதம், ஊரும் சுற்றுப்புறமும் பற்றிய பாடம் மூன்றிலும் சேர்த்து சராசரி 2.33 வேண்டும், அங்கே 1 தான் உயர்ந்த மதிப்பெண். எட்டு வயதில் மொழி தெரியாமல் போய் இறங்கும் குழந்தைக்கு, எவ்வளவு சூட்டிகையாக இருந்தாலும், இரண்டு ஆண்டில் இது பெரும் சுமை. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டு. பவாரியாவிலும் பெர்லினிலும் வேலை கிடைத்து, பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருந்தால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் பெர்லினைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.