விபத்துக்குப் பிறகு என் ஃபைலில் எழுதப்பட்டவை

லாரி மோதிய காயமெல்லாம் ஆறிவிட்டது, தூக்கம்தான் வரவில்லை. எங்காவது பிரேக் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப்போடும். பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்து மனநல மருத்துவரிடம் போனேன். "ஒரு மாதம்கூட ஆகவில்லையே, அதற்குள் அந்தப் பெயர் எதற்கு?" என்றார்.

காலக்கணக்கு இதில் இவ்வளவு முக்கியம் என்று அன்றுதான் தெரிந்தது. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்காவின் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, இந்த அறிகுறிகள் 3 நாள் முதல் ஒரு மாதம் வரை இருந்தால் அது தீவிர மன அழுத்தக் கோளாறு. அதைத் தாண்டினால்தான் பிடிஎஸ்டி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 ஆரம்ப நாட்களின் அதிர்ச்சியை நோயாகவே எண்ணுவதில்லை. அதைக் கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

நாள் போனதே தவிர, பயம் போகவில்லை. மறுபடி போனபோது ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: "நினைப்பு வரும்போது அது அன்றைக்கு நடந்ததாகத் தெரிகிறதா, இப்போதே நடப்பதுபோல் இருக்கிறதா?" டீசல் வாடை வந்தால் கண்ணாடி நொறுங்கும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கிறது என்றேன். பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஐசிடி-11 கேட்கும் மூன்றில் அது ஒன்றாம். மற்ற இரண்டும், நினைவூட்டுவதையெல்லாம் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் இருப்பதாகவே உணர்வது. டிஎஸ்எம்-5 பட்டியலிலோ 20 அறிகுறிகள். ஒன்றின்படி பிடிஎஸ்டி என்று ஆகும் ஆள் மற்றதின்படி ஆகாமல் போவதும் உண்டு.

என் மேல் எனக்கே வெறுப்பா, யாரோடும் ஒட்ட முடியவில்லையா என்றும் கேட்டார். ஆமாம் என்றிருந்தால் சிக்கலான பிடிஎஸ்டி பக்கம் போயிருக்கும். அது ஐசிடி-11இல் தனி நோய், டிஎஸ்எம்மில் கிடையாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வேலை போன நண்பர் ஒருவர் என்னைவிட மோசமாகத் தவித்தார். ஆனால் உயிராபத்து, பலத்த காயம், பாலியல் வன்முறை என்று ஏதாவது இருந்தால்தான் டிஎஸ்எம் பிடிஎஸ்டி என்று எழுத விடும். அவருக்கு எழுதியது அட்ஜஸ்ட்மென்ட் கோளாறு, அதாவது வாழ்க்கை மாற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவிப்பது. வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, என் விஷயம். மருத்துவர் குறிப்பில் 6பி40 என்று ஐசிடி-11 எண். காப்பீட்டுப் படிவம் இன்னும் பழைய பதிப்பான ஐசிடி-10இலேயே இருந்ததால் அதில் எஃப்43.1. இரண்டும் பிடிஎஸ்டிதான் என்று படிவத்தின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.